புரொபேஷன் காலத்தில் மிரட்டல், திடீர் வேலைநீக்கம்: அமீரகச் சட்டத்தில் புதியவருக்கு உள்ள உரிமைகள்

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமோ நான்கு மாதமோ ஆகியிருக்கும். துபாயிலிருந்து மகன் போன் செய்கிறான்: "உம்மா, நாளையிலருந்து வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க." விசாவுக்கு வாங்கிய கடன் பாதிகூட அடைந்திருக்காது. வீட்டில் இருப்பவர்கள் உடனே சொல்வது இரண்டில் ஒன்று. "எப்படியாவது பொறுத்துக்கிட்டு அங்கேயே இரு" என்பார்கள்; இல்லையென்றால் "போனது போகட்டும், கிளம்பி வந்துடு" என்பார்கள். இரண்டுமே பிள்ளை மீதுள்ள பாசத்தில் சொல்வதுதான். ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டத்தைப் பார்த்தால், அவனுக்குச் சேர வேண்டியதைக் கெடுத்துவிடக்கூடிய ஆலோசனைகள் இவை இரண்டும் என்பது தெரியும்.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை போன்ற நம் ஊர்களில் அமீரகத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. அப்படியிருந்தும் அங்குள்ள சட்டம் புதிதாகச் சேர்ந்தவருக்கு என்ன சொல்கிறது என்பது அறை நண்பர்களின் பேச்சு வழியாகத்தான் பெரும்பாலும் நம்மை வந்தடைகிறது. "புரொபேஷன்ல எந்த உரிமையும் கிடையாது" என்பது அந்தப் பேச்சில் வழக்கமாக அடிபடும் வாக்கியம். இது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல்தான் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

இங்கே நாம் சொல்பவை 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் கூட்டாட்சி ஆணைச் சட்டத்தையும், அதற்குப் பின் வந்த திருத்தங்களையும் ஒட்டியவை. இந்தச் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. தனியார் நிறுவன ஊழியர்களுக்கு இது பொருந்தும். வீட்டு டிரைவர், சமையல்காரர், பணிப்பெண் ஆகியோருக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் எண் சட்டம் தனியாக உண்டு. துபாய் சர்வதேச நிதி மையம், அபுதாபி குளோபல் மார்க்கெட் ஆகிய இரண்டு ஸோன்களுக்கும் சொந்தச் சட்டம் இருக்கிறது. சவுதி, கத்தார், குவைத் சட்டங்களும் வேறு. இங்கே படிப்பதை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

புரொபேஷனில் முதலாளி எதைச் செய்யலாம்?

உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறோம். புரொபேஷன் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நிறுத்த முதலாளிக்கு அதிகாரம் உண்டு. வேலை திருப்தியாக இல்லை என்று சொன்னால் போதும். பெரிய காரணம் காட்ட வேண்டியதில்லை. இந்த இடத்தில் நம் பிள்ளைகளின் நிலை பலவீனமானதுதான்.

ஆனால் அந்த அதிகாரத்துக்குச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேலி போட்டிருக்கிறது. சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் புரொபேஷன் வைக்க முடியாது. "உனக்கு இன்னும் மூணு மாசம் நீட்டிச்சிருக்கோம்" என்று ஏழாவது மாதத்தில் சொன்னால் அது செல்லாது. ஒரே நிறுவனத்தில் ஒருவரை இரண்டு முறை புரொபேஷனில் வைக்கவும் கூடாது. நிறுத்துவதாக இருந்தால் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். வாய்வார்த்தையாக "நாளைக்கு வராதே" என்பது நோட்டீஸ் ஆகாது. உடனே அனுப்பிவிட நினைத்தால் அந்த 14 நாள் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். மாதம் மொத்தம் 1,800 திர்ஹம் வாங்குகிறவருக்கு இது 840 திர்ஹம். வேலை பார்த்த நாட்களுக்கான சம்பளமும் ஓவர்டைம் பாக்கியும் இதில் சேராது. அவை தனிக் கணக்கு.

ஆறு மாதம் முடிந்து ஒரு நாள் ஆனாலும் நிலைமை மாறிவிடும். அதற்குப் பிறகு நியாயமான காரணம் வேண்டும். நோட்டீஸும் 30 நாளிலிருந்து 90 நாள் வரை, ஒப்பந்தத்தில் எழுதியபடி தர வேண்டும். அதனால்தான் சில இடங்களில் ஐந்தாவது மாதக் கடைசியில் நெருக்கடி கூடுகிறது. சேர்ந்த தேதியை நினைவிலிருந்து சொல்லாமல், லேபர் கான்ட்ராக்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸே இல்லாமல் அந்த இடத்திலேயே வெளியேற்றுவது வேறு விஷயம். போலிச் சான்றிதழ், பெரிய பொருள் இழப்பை உண்டாக்குவது, பணியிடத்தில் போதையில் இருப்பது, யாரையாவது அடிப்பது, தொழில் ரகசியத்தை வெளியிடுவது போன்றவற்றை 44ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் உள்ள காரணம் என்றாலும், முதலில் எழுத்துபூர்வமாக விசாரிக்க வேண்டும். முடிவைக் காரணத்தோடு எழுதித் தர வேண்டும். கணக்கில் நூறு திர்ஹம் குறைகிறது என்று ஒரு கேஷியரை அன்றிரவே அறையைக் காலி செய்யச் சொல்வது இந்தச் சட்டத்தின்படி வேலைநீக்கமே அல்ல, விரட்டுதல்.

கண்டிப்பு எது, மிரட்டல் எது?

14ஆம் பிரிவு இதைச் சுருக்கமாகச் சொல்கிறது. முதலாளியோ, மேலதிகாரியோ, உடன் வேலை செய்பவரோ ஓர் ஊழியரைக் கொடுமைப்படுத்துவதும், வாயால், உடலால் அல்லது மனத்தளவில் துன்புறுத்துவதும், பாலியல் தொல்லை கொடுப்பதும் தடை. "உடன் வேலை செய்பவர்" என்ற சொல் முக்கியமானது. முதலாளி நல்லவர், சூப்பர்வைசர்தான் ஆட்டிப் படைக்கிறார் என்றாலும் அது சட்டத்துக்குள் வரும். இனம், நிறம், மதம், பிறந்த நாடு போன்றவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவதை 4ஆம் பிரிவு தனியாகத் தடுக்கிறது.

வேலையில் தவறு செய்தால் கடிந்துகொள்வது கொடுமை அல்ல. சூப்பர் மார்க்கெட்டில் விலைச்சீட்டை மாற்றி ஒட்டியவரிடம் குரல் உயர்வது எந்த ஊரிலும் நடப்பதுதான். தவறு இருக்கிறதோ இல்லையோ தினமும் எல்லோர் முன்னிலையிலும் கேவலமாகப் பேசுவது, ஊரையும் மொழியையும் வைத்துப் பட்டப்பெயர் சூட்டுவது, வேண்டுமென்றே தவறான வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பிறகு மாட்டிவிடுவது, மற்றவர்களுக்கு விடுமுறை கொடுத்து இவருக்கு மட்டும் மறுப்பது, "விசாவை கேன்சல் பண்ணிடுவேன்" என்ற ஒரே வாக்கியத்தைச் சாட்டை மாதிரி வைத்திருப்பது, இவை வேறு வகை. கம்பெனி அறையில் பழைய ஆட்கள் புதியவரைத் துணி துவைக்க, பாத்திரம் கழுவ வைப்பதையும் "ஜூனியர்னா அப்படித்தான்" என்று சிரித்துக் கடந்துவிடுகிறோம். அப்படிக் கடந்துவிடக் கூடாது என்பது எங்கள் கருத்து.

'ஃபைன்' என்ற பெயரில் சம்பளத்தில் பிடிப்பது இன்னொரு வடிவம். ஒழுங்கு நடவடிக்கையாகப் பிடிக்கக்கூடியது ஒரு மாதத்தில் அதிகபட்சம் ஐந்து நாள் சம்பளம்தான். அதுவும் குற்றத்தை எழுத்தில் தெரிவித்து, அவர் தரப்பைக் கேட்டு, விசாரித்த பிறகுதான். சூப்பர்வைசர் நினைத்த நேரத்தில் நினைத்த தொகையைக் கிழிக்க முடியாது.

வேலையையே மாற்றிவிடுவதும் உண்டு. கேஷியர் என்று அழைத்துவந்து குடோனில் மூட்டை இறக்க வைப்பார்கள், மறுத்தால் "புரொபேஷன் ஃபெயில்." அவசரத் தேவைக்குத் தற்காலிகமாக வேறு வேலை தரலாமே ஒழிய, ஒப்பந்தத்தில் இருப்பதற்கு அடிப்படையிலேயே மாறான வேலையை ஊழியரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் தரக் கூடாது. தந்தால், நோட்டீஸ் இல்லாமலேயே விலகும் உரிமையை 45ஆம் பிரிவு ஊழியருக்குக் கொடுக்கிறது.

விசா கொடுத்தவர் நம் சொந்தக்காரர் என்றால்

எழுதச் சங்கடமான பகுதி இது. புதிதாகப் போன பையனை நேரடியாக ஆட்டிவைப்பவர் எப்போதும் அரபு முதலாளியாக இருப்பதில்லை. அவரைப் பையன் மாதம் ஒரு முறை பார்த்தாலே அதிகம். ஆட்டிவைப்பவர் நம் மொழி பேசும் மேனேஜராக, நம் ஊர்க்காரராக, சில நேரம் விசா எடுத்துக் கொடுத்த மாமாவாகவே இருக்கிறார். அங்கே புகார் என்ற பேச்சை எடுத்தால் ஊரில் இரண்டு குடும்பம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். லாத்தாவின் வாழ்க்கை என்ன ஆகும் என்று யோசித்து மகன் வாயை மூடிக்கொள்கிறான்.

வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி, இந்தச் சுமையை அவன் தலையிலிருந்து இறக்கிவைப்பது. விசா கொடுத்ததற்கு நன்றி இருக்க வேண்டும். அந்த நன்றிக்காக ஒருவன் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கவோ, வசை கேட்கவோ கடமைப்பட்டவன் அல்ல. ஜமாஅத்தில் வைத்துப் பேசித் தீர்ப்பதானால் பேசலாம், தவறில்லை. ஆனால் அந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே போய், அங்கே புகார் கொடுக்கும் வாய்ப்பை விழுங்கிவிடக் கூடாது.

"விசா செலவு இவ்வளவு ஆச்சு, அதை வச்சுட்டுப் போ" என்பது இந்த வகையில் அடிக்கடி வரும் மிரட்டல். ஆள் எடுப்பதற்கும் வேலையில் அமர்த்துவதற்கும் ஆன செலவை ஊழியரிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ வசூலிக்கக் கூடாது என்று சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. நிறுத்துவது முதலாளி என்றால் அந்தச் செலவு அவருடையது. பையன் தானாக விலகி அமீரகத்திலேயே வேறு கம்பெனிக்குப் போனால், பழைய முதலாளிக்கு அந்தச் செலவைக் கொடுக்க வேண்டியவர் புதிய முதலாளி, பையன் அல்ல. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் சட்டவிரோதம்தான், வாங்கி வைத்திருப்பவர் மாமாவாக இருந்தாலும்.

கலக்கத்தில் செய்யும் நான்கு காரியங்கள்

சட்டம் கொடுத்த சிறு பாதுகாப்பையும் புதியவர்கள் இழப்பது இந்த இடத்தில்தான் என்று கருதுகிறோம்.

முதலாவது, கையெழுத்து. "ரிசைன் லெட்டர் எழுதிக் கொடு, நல்லபடியா அனுப்பி வைக்கிறோம்" என்பார்கள். கம்பெனி நிறுத்துகிறது என்றால் கம்பெனிதான் கடிதம் தர வேண்டும். ராஜினாமா எழுதிய நிமிடத்தில் விலகியவர் ஊழியர் ஆகிவிடுகிறார். அப்போது 14 நாள் நோட்டீஸ் தர வேண்டிய பொறுப்பு அவர் மேல் வரும். அமீரகத்திலேயே வேறு இடத்தில் சேர்வதென்றால் ஒரு மாத நோட்டீஸ். ஊருக்கு அனுப்பும் டிக்கெட் செலவு பொதுவாக முதலாளியுடையது. விலகல் ஊழியரால் என்று ஆகிவிட்டால் அதுவும் கைநழுவும். விசா கேன்சல் படிவத்தில் "எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது" என்ற வாசகம் இருக்கும். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து ஒருபோதும் கூடாது. அரபியில் மட்டும் உள்ள தாளென்றால் போன் கேமராவில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துப் பார்த்துவிட்டாவது போடுங்கள்.

இரண்டாவது, மனம் வெறுத்து வேலைக்குப் போகாமல் அறையில் படுத்துவிடுவது. தக்க காரணமின்றித் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வராவிட்டால் நோட்டீஸ் இல்லாமல் நீக்கலாம் என்பது 44ஆம் பிரிவில் உள்ளது. அதோடு 'அப்ஸ்காண்டிங்' என்று நாம் சொல்லும், வேலையை விட்டு ஓடிவிட்டார் என்ற புகாரையும் கம்பெனி பதிவு செய்யலாம். அது நிலைத்துவிட்டால் ஓராண்டுக்கு அமீரகத்தில் புதிய வேலை அனுமதி கிடைக்காது. நாளை வர வேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டு, எட்டாம் நாள் இந்தப் புகாரைக் கொடுக்கும் முதலாளிகளும் உண்டு. அதனால் வாயால் நிறுத்தினாலும் மறுநாள் வேலைக்குப் போய் நிற்க வேண்டும். உள்ளே விடவில்லை என்றால், "இன்று காலை 8 மணிக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்" என்று மேனேஜருக்கும் கம்பெனி மின்னஞ்சலுக்கும் எழுதிவிட வேண்டும். இரண்டு வரி போதும்.

மூன்றாவது, திருட்டுத்தனமாகப் பதிவு செய்வது. சூப்பர்வைசர் திட்டுவதை ரகசியமாக ரெக்கார்ட் செய்து ஆதாரம் என்று வைத்திருப்பார்கள். கோபத்தில் டிக்டாக்கிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டுவிடுவார்கள். நம் ஊரில் இது சாதாரணம். அமீரகத்தில் ஒருவர் பேச்சை அவர் சம்மதமின்றிப் பதிவதும் பரப்புவதும் 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சைபர் குற்றச் சட்டத்தில் குற்றம். சிறையும் பெரிய அபராதமும் உண்டு. பாதிக்கப்பட்டவரே குற்றவாளியாகி நிற்பார். அதே சட்டத்தில் வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டுவதும் குற்றம்தான். ஆகவே அவர்கள் அனுப்பிய வசைச் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். பதிலுக்கு நீங்கள் ஒரு வசைகூட எழுதாதீர்கள்.

நான்காவது, புகார் கொடுக்காமலே விமானம் ஏறுவது. இதைக் கடைசியில் விரிவாகப் பார்ப்போம்.

ஆதாரமாக எதை வைத்துக்கொள்வது?

பாலகன் மாதிரி எல்லாவற்றையும் போனிலேயே வைத்துக்கொண்டு, போன் தொலைந்ததும் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆஃபர் லெட்டர், லேபர் கான்ட்ராக்ட், விசா, எமிரேட்ஸ் ஐடி, பாஸ்போர்ட் எல்லாவற்றின் நகலும் ஊரில் வாப்பாவின் போனிலும் இருக்கட்டும். ஆஃபர் லெட்டரை அரபி, ஆங்கிலம் தவிர ஊழியருக்குப் புரியும் மூன்றாவது மொழியிலும் தர அமைச்சகத்தில் ஏற்பாடு உண்டு. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே தமிழில் கேளுங்கள். சம்பளம் வங்கி வழியாக வரும் பதிவும், டியூட்டி அட்டவணையின் படமும் பிறகு உதவும். சாதாரண நாட்களில் வேலை நேரம் எட்டு மணி. ரமலானில் இரண்டு மணி நேரம் குறைய வேண்டும். அதற்கு மேல் வேலை வாங்கினால் குறைந்தது கால் பங்கு கூடுதலாக ஓவர்டைம் சம்பளம் உண்டு.

மிரட்டல் விஷயத்தில் ஒரு சிறு நோட்டு பெரிய வேலை செய்யும். தேதி, நேரம், யார் என்ன சொன்னார், அருகில் யார் இருந்தார். "தினமும் கொடுமைப்படுத்துகிறார்" என்று சொல்வதைவிட "மார்ச் 4, மாலை 6 மணி, பில்லிங் கவுன்டர் முன்பு" என்று சொல்லும்போது அதிகாரி நிமிர்ந்து கேட்பார். நோட்டோடு நில்லாமல், மேனேஜருக்கோ எச்ஆருக்கோ மரியாதையான ஒரு மின்னஞ்சலும் அனுப்ப வேண்டும். இப்படி நடக்கிறது, சரிசெய்து தாருங்கள் என்று எழுதினால் போதும். பிறகு "எங்களிடம் சொல்லவே இல்லையே" என்று கம்பெனியால் சொல்ல முடியாது.

புகார் எங்கே, எப்படி?

மனிதவள, அமீரகமயமாக்கல் அமைச்சகம்தான் இடம். 'மோஹ்ரே' என்று அங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். அதன் செயலியிலோ இணையதளத்திலோ, 80084 என்ற தொழிலாளர் புகார் எண்ணிலோ, தஸ்ஹீல் மையத்திலோ பதியலாம். ஃப்ரீ ஸோன் விசா என்றால் முதலில் அந்த ஸோன் நிர்வாகத்திடம் போகச் சொல்லலாம்.

அமைச்சகம் முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். அதற்கு 14 நாள். சமரசம் ஆகவில்லை என்றால் முன்பெல்லாம் நேராக கோர்ட்தான். 2024 ஜனவரி 1 முதல், 50,000 திர்ஹத்துக்கு உட்பட்ட கோரிக்கைகளில் அமைச்சகமே முடிவு சொல்கிறது. அந்த முடிவுக்கு கோர்ட் தீர்ப்பைப் போல நிறைவேற்றும் வலு உண்டு. புரொபேஷனில் இருக்கும் நம் பிள்ளைகளின் பாக்கி பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். முடிவு பிடிக்காதவர் 15 வேலை நாளுக்குள் முதல்நிலை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒரு லட்சம் திர்ஹம் வரை ஊழியருக்கு கோர்ட் கட்டணம் கிடையாது. "கேஸ் போட வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும் கொட்டிக் கொடுக்கணும்" என்ற பயத்தில் ஒதுங்குகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். தகராறு நடக்கும் நாட்களில் சம்பளம் நின்றுபோனால், இரண்டு மாதம் வரை தொடர்ந்து கொடுக்கும்படி முதலாளிக்கு அமைச்சகம் உத்தரவிடவும் வழி இருக்கிறது.

அடி, உதை, பாலியல் தொல்லை என்று போனால் காத்திருக்கக் கூடாது. போலீஸுக்கும் அமைச்சகத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும். முதலாளியோ அவர் பிரதிநிதியோ வன்முறை செய்தால் நோட்டீஸ் இல்லாமல் விலக 45ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் புகார் செய்ய முடிந்த நாளிலிருந்து ஐந்து வேலை நாளுக்குள் தெரிவித்திருக்க வேண்டும். ஒப்பந்தக் கடமையை முதலாளி மீறுகிறார், சம்பளம் தரவில்லை என்பது போன்ற காரணமென்றால், விலகுவதற்கு 14 வேலை நாள் முன்பே அமைச்சகத்திடம் சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் முதலாளி சரிசெய்யவில்லை என்றால்தான் விலகலாம். இப்போது பெண் பிள்ளைகளும் நர்ஸாக, அக்கவுன்டன்டாக, ஆசிரியையாகப் போகிறார்கள். கர்ப்பத்தைக் காரணமாக்கி நீக்கவோ எச்சரிக்கவோ கூடாது என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நியாயமற்ற வேலைநீக்கம் என்று இந்தச் சட்டம் நேரடியாகச் சொல்வது 47ஆம் பிரிவில்தான். ஊழியர் அமைச்சகத்தில் கொடுத்த புகாரோ தொடுத்த வழக்கோ உண்மையானது என்று தெரியவந்து, அதற்காகவே அவரை நீக்கியிருந்தால் அது சட்டவிரோத நீக்கம். மூன்று மாதச் சம்பளம் வரை கோர்ட் இழப்பீடு வாங்கித் தரலாம். நோட்டீஸ் பணம் அதற்கு மேல். இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு விஷயம் கிடைக்கிறது. வேலைநீக்கக் கடிதம் வந்த பிறகு "கொடுமைப்படுத்தினார்கள்" என்று சொன்னால் அது கோபத்தில் சொன்ன பேச்சாகவே தெரியும். கடிதத்துக்கு முன்பே மின்னஞ்சலும் புகார் எண்ணும் இருந்தால், புகாருக்குப் பழிவாங்கவே நீக்கினார்கள் என்று காட்ட முடியும். பொறுத்துக்கொண்டே இரு என்ற ஆலோசனையில் எங்களுக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுதான்.

கிடைக்காதவற்றையும் தெரிந்துகொள்வது நல்லது. ஓராண்டு முடியாதவருக்கு கிராஜுட்டி இல்லை. புரொபேஷனில் சம்பளத்தோடு நோய் விடுப்பு இல்லை. மாதம் ஐந்து திர்ஹம் கட்டும் வேலையிழப்புக் காப்பீடும் தொடர்ந்து 12 மாதம் கட்டியவருக்குத்தான் பயன் தரும். இவற்றுக்காகச் சண்டை போட்டு நாளைக் கடத்த வேண்டாம்.

விசிட் விசாவில் வேலை பார்ப்பவர் நிலை இதைவிட மோசம். ஒப்பந்தமே இல்லாதபோது எதை வைத்துக் கேட்பது? வேலை அனுமதி இல்லாமல் ஆளை வைத்திருக்கும் முதலாளிக்கு 2024இல் வந்த திருத்தப்படி ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் உண்டு. என்றாலும் பையனின் பாடு திண்டாட்டம்தான். "முதல்ல விசிட்ல வா, பிறகு மாத்திக்கலாம்" என்பவரிடம் ஆஃபர் லெட்டரைக் கேளுங்கள்.

கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு

தேராவிலும் பர்துபாயிலும் கடை, கஃபட்டீரியா, கம்பெனி நடத்தும் சகோதரர்களும் இதைப் படிப்பார்கள். புதிய ஆள் சரிப்படவில்லை என்றால் அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை முறையாகச் செய்ய அதிகம் செலவாகாது. எந்த வேலையில் குறை என்பதை முதல் இரண்டு மாதத்திலேயே எழுதிச் சொல்லி, திருத்திக்கொள்ள நேரம் கொடுங்கள். அனுப்புவதானால் 14 நாள் நோட்டீஸை எழுத்தில் கொடுத்து, கணக்கை 14 நாளுக்குள் முடித்து, டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். உங்கள் சூப்பர்வைசர் புதிய பையன்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று மேனேஜரிடம் கேட்காமல், அந்தப் பையன்களையே ஒரு நாள் தனியாக அழைத்துக் கேளுங்கள்.

ஊருக்கு வந்துவிட்டால்

விமானம் ஏறிவிட்டதால் உரிமை அன்றே போய்விடாது. வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கோரிக்கை வைக்கலாம். முன்பு ஓராண்டாக இருந்ததை 2024இல் மாற்றினார்கள். ஆனால் ஊரில் இருந்துகொண்டு நடத்த வேண்டுமானால் அங்குள்ள ஒருவருக்குப் பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்க வேண்டும். அதற்கு நோட்டரி, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும். 840 திர்ஹம் பாக்கிக்காக அந்த அலைச்சல் கட்டுப்படியாகாது. அங்கே இருக்கும்போது பத்து நிமிடத்தில் செயலியில் பதிந்திருக்கக்கூடிய புகார் அது. விசா கேன்சல் ஆன பிறகும் நாட்டில் தங்க அவகாசம் தருகிறார்கள். எத்தனை நாள் என்பது விசா வகையைப் பொறுத்தது. அந்த நாட்களைப் புகாருக்குப் பயன்படுத்துங்கள்.

துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா, தொழிலாளர் பிரச்சினைகளில் ஆலோசனை தருகிறது; கட்டணமில்லா எண் 800 46342. ஊரில் இருந்தபடி குடும்பத்தார் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் முறையிடலாம். ஏஜென்ட் ஏமாற்றியிருந்தால் இ-மைக்ரேட் தளத்திலும், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மீதான ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் கொடுத்திருந்தால் ரசீதோ, வங்கிக் கணக்கில் அனுப்பிய பதிவோ இருக்கிறதா என்று பாருங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்த பணத்தை நிரூபிப்பது கடினம்.